கொடிக்கயிறு யார் கையில்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். இந்த வருடம் மழை மோசமில்லை, கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. நான் இப்போது நம்மூர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஓய்வு பெற்றும் பள்ளிக்கூடம் விடவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். விடவேண்டும் என்று எனக்கும் எண்ணமில்லை.

பேத்தியைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தினமும் காலையில் நெஞ்சில் கைவைத்து அமெரிக்கக் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்கிறாள், வீட்டிலும் அதையே முணுமுணுக்கிறாள், கேட்கும்போது மனசு ஏதோ செய்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவள் பிறந்தது அங்கே, ஓடி விளையாடுவது அந்த மண்ணில். அது அவள் நாடு. தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் அவள் சொல்கிற வாசகத்துக்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் நீ அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதை எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாதிரியார். 1892இல், கொலம்பஸ் அமெரிக்கா போய் 400 ஆண்டு நிறைந்ததைப் பள்ளிகள் கொண்டாடுவதற்காக ஒரு பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகையே பள்ளிகளுக்குக் கொடி விற்றும் வந்தது. முதலில் 'என் கொடி' என்றுதான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பிள்ளைகள் மனதில் தங்கள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று, 1923இல் அதை 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி' என்று மாற்றினார்கள். உன் பேத்தியைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளை நினைத்துச் செய்த மாற்றம் அது. 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954இல்தான் சேர்ந்தன. ஆரம்ப காலத்தில் வலது கையைக் கொடியை நோக்கி நீட்டித்தான் சொல்வார்கள். ஹிட்லரின் ஆட்கள் செய்த வணக்கமும் பார்வைக்கு அப்படியே இருந்ததால், போர் நடந்துகொண்டிருந்த 1942இல் கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பிள்ளைகள் இன்றும் கையை முன்னால் நீட்டித்தான் சொல்கிறார்கள்.

நம் உறுதிமொழி உனக்கு நினைவிருக்கிறதா? 'இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தோர்.' பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும். நான் பாடம் நடத்திய இத்தனை வருடத்தில், அதை எழுதியவர் யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். நல்கொண்டா பக்கத்துக்காரர், விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தவர். 1962இல், சீனப் போர் நடந்த வருடத்தில், தெலுங்கில் எழுதினார். அடுத்த வருடம் அந்த ஊர்ப் பள்ளிகளில் வாசித்தார்கள். 1964இல் பெங்களூரில், அன்றைய கல்வி அமைச்சர் சாக்ளா தலைமையில் நடந்த கூட்டத்தில் நாடு முழுவதும் சொல்ல வைப்பது என்று முடிவானது. 1965 குடியரசு நாளிலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகள் தினமும் சொல்கிற வாசகத்தை எழுதியவர் பெயர், அதே பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டாமா? இது எனக்குப் பல நாள் ஆதங்கம்.

போர்க்காலத்தில் எழுதியதுதான். ஆனால் படித்துப் பார், எதிரி என்று யாரையும் சொல்லவில்லை. கொடியைக்கூடச் சொல்லவில்லை. பெற்றோரை, ஆசிரியரை, மூத்தோரை மதிப்பேன் என்கிறது. நாட்டுக்கும் மக்களுக்கும் உழைப்பேன் என்கிறது. கடைசி வரி, 'அவர்கள் நலமும் வளமும் பெறுவதிலேதான் என்றும் மகிழ்ச்சி காண்பேன்.' பத்து வயதுப் பிள்ளை வாயில் இதைவிடப் பெரிய வாக்கை வைக்க முடியாது. நாம்தான் அதை வெயிலில் நிற்க வைத்து, ஒரே மூச்சில் ஒப்பிக்கச் செய்து, கையைக் கீழே போடு என்று அனுப்பிவிடுகிறோம்.

சரி, போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பிரேயரில் எல்லோரோடும் ஒழுங்காக எழுந்து நிற்கும், நாட்டுப்பண் பாடும்போது மட்டும் வாய் திறக்காது. அவர்கள் வீட்டு மத நம்பிக்கை அப்படி. உறுப்பினர் ஒருவர் கோபமாக, 'பாடச் சொல்லுங்கள், இல்லையென்றால் டிசி கொடுங்கள்' என்றார். அவர் கெட்ட மனிதரில்லை. தம்பி ராணுவத்தில் இருக்கிறார், அந்தச் சூடு அவருக்கு இருக்கத்தானே செய்யும்.

நான் கேரள வழக்கைச் சொன்னேன். 1985இல் இதே போல மூன்று பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 1986 ஆகஸ்ட்டில், சுதந்திர நாளுக்குச் சில நாள் முன்னால், நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்புச் சொன்னார்: எழுந்து நின்றதே மரியாதைதான், பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்பைத்தான் காட்டுகின்றன, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்று முடித்தார்.

உன் ஊர் வழக்கும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அங்கேயும் அதே சபைப் பிள்ளைகள்தான். கொடிக்கு வணக்கம் சொல்லாத பிள்ளைகளை நீக்கியது சரி என்று 1940இல் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், மூன்றே வருடத்தில், 1943இல், தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். தேசபக்தி என்றால் இதுதான் என்று எந்த அதிகாரியும் குடிமகன் வாயில் திணிக்க முடியாது என்றது. ஒரு நாடு போர் நடுவில் நின்று இதைச் சொல்ல எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்!

எங்கள் கூட்டத்தில் அந்த உறுப்பினர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'எழுந்து நிற்கிறதில்ல, அது போதும்' என்றார். பிள்ளை இப்போதும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

இன்னொன்று எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். பாடாத பிள்ளை மேல் வருகிற கோபம், கொடி ஏற்றவிடாமல் தடுக்கிறவர்கள் மேல் ஏன் வருவதில்லை?

கொடிக்கயிறு எந்தெந்தக் கைக்கு வந்தது என்று பார். 1973 வரை மாநிலங்களில் சுதந்திர நாளன்றும் ஆளுநர்தான் கொடியேற்றினார். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஏற்ற வேண்டும் என்று கலைஞர் கேட்டு வாங்கினார், 1974 ஆகஸ்ட் 15இல் கோட்டையில் அவரே ஏற்றினார். நாடு முழுக்க எல்லா முதலமைச்சர்களுக்கும் அந்த உரிமை அப்படித்தான் வந்தது. சாதாரணக் குடிமகன் நினைத்த நாளில் தன் வீட்டில் கொடி பறக்கவிட 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் தொழிற்சாலையில் கொடியேற்றியதை அதிகாரிகள் தடுத்தார்கள் என்று தொழிலதிபர் நவீன் ஜிண்டால் வழக்குப் போட்டு, அது அடிப்படை உரிமை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசியல் சட்டத்தில் கருத்துச் சுதந்திரம் தரும் அதே 19ஆம் பிரிவுதான் அதற்கும் ஆதாரம். கேரளப் பிள்ளைகள் பாடாமல் நிற்பதற்கும் அந்தப் பிரிவு துணை நின்றது. கொடியைப் பிடிக்கிற கைக்கும் மூடிய வாய்க்கும் ஒரே சட்டம் காவல்.

ஆளுநரிடமிருந்து முதலமைச்சருக்கு, அங்கிருந்து குடிமகனுக்கு என்று இவ்வளவு தூரம் வந்த கயிறு, நம் கிராமத்துக் கம்பத்தில் சிக்கி நிற்கிறது. 2020 சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். 2022 ஆகஸ்ட்டில் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது, சாதி பார்க்காமல் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. சுதந்திரம் வந்து 75 வருடம் முடிகிற நேரத்தில் இப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டதே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பாடப்புத்தகத்தில் உறுதிமொழி மட்டுமா இருக்கிறது? 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்றும் அச்சாகியிருக்கிறது. அந்த மூன்று வரியையும் படித்து வளர்ந்தவர்கள்தான் அந்த அம்மாவை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். உறுதிமொழி வேண்டாம் என்று சிலர் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்ளாததற்கும் இதுதான் காரணம். வாக்கு வாக்காகவே இருக்கட்டும். கொடுத்த வாக்கை நினைவூட்டிக் கேட்பதற்காவது அது வேண்டும்.

அதனால் எங்கள் பள்ளியில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். திங்கட்கிழமை பிரேயரில் உறுதிமொழியின் ஒரே ஒரு வரியை எடுத்து, ஒரு பிள்ளை அதற்குத் தன் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 'உடன்பிறந்தோர்' வரிக்கு, தன் தெருப் பையன்கள் காலனிப் பையன்களைக் கிரிக்கெட்டில் சேர்ப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரமே உடற்கல்வி ஆசிரியர் இரண்டு தெருவையும் கலந்து அணி பிரித்துவிட்டார்.

கொடியைக் கட்டவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். முன்பு அது உடற்கல்வி ஆசிரியர் ஒருவருக்கே தெரிந்த வித்தையாக இருந்தது. காவி மேலே வருகிற நுனியைப் பார்த்துக் கயிற்றில் கோத்து, துணியை நீளவாக்கில் மடித்து, நடுவில் ரோஜா இதழ் வைத்துச் சுருட்டி, ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்குப் போடவேண்டும். இறுக்கினால் உச்சியில் போய் அவிழாமல் நிற்கும், தளர்த்தினால் பாதி வழியில் பூ கொட்டிவிடும். ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்றவேண்டும், இறக்கும்போது நிதானமாக இறக்கவேண்டும். கொடிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது, தனியிடத்தில் மரியாதையாக முழுசாக எரிப்பது நல்லது. விழா முடிந்ததும் தெருவில் கிடக்கிற காகிதக் கொடிகளைப் பொறுக்க ஒரு குழு போட்டோம். யாருக்கு என்ன பொறுப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறோம், எந்தத் தெருப் பிள்ளைக்கு எது வருகிறதோ அது. இந்தக் குடியரசு நாளில் கயிற்றில் கொடியைக் கோக்கிற வேலை, அந்தப் பாடாத பிள்ளைக்கு விழுந்தது. அவளுக்கு அது சம்மதமா என்று கேட்டோம். தோழியிடம் கொடுத்துவிட்டு, காகிதக் கொடி பொறுக்கும் குழுவுக்கு வருகிறேன் என்றாள். மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

உன் பேத்தி வகுப்பில் உறுதிமொழி சொல்லாமல் இருக்கிற பிள்ளை யாராவது உண்டா, அவர்களை மற்ற பிள்ளைகள் எப்படி நடத்துகிறார்கள் என்று அவளிடம் கேட்டு எழுது. எங்கள் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்
பழைய பெஞ்சுத் தோழன்