பச்சைக் கட்டம் போட்ட லுங்கி

குடியாத்தம் கடைத்தெரு நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும்,

வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஆளாளுக்குப் போனில் விசாரிக்கிறீர்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு என்ன ஆனது என்பதை மறுபடி சொல்லப் போவதில்லை. போன ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைப் படியில் நான் சரிந்தபோது உங்களில் பாதிப் பேர் பக்கத்திலேயே இருந்தீர்கள். சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசியவர்களுக்கு நன்றி. பானகத்தை வாயில் ஊற்றியவருக்குக் கொஞ்சம் கூடுதல் நன்றி. அன்றைக்கு என்னை எழுப்பியது அந்த வெல்லம்தான் என்று இப்போது புரிகிறது.

ரத்தத்தில் சர்க்கரை ஏன் இப்படித் திடீரென்று இறங்குகிறது என்று பார்க்க ஆஸ்பத்திரியில் செய்தது பாஸ்டிங் டெஸ்ட், அதாவது பட்டினி போட்டுப் பார்க்கும் சோதனை. அதிகபட்சம் 72 மணி நேரம், குடிக்கத் தண்ணீர் மட்டும். படுத்தே கிடக்கவும் விட மாட்டார்கள், வராந்தாவில் நடக்கச் சொல்வார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 60க்குக் கீழே இறங்கிவிட்டால் மணிக்கு ஒரு தடவை. விரதம் எனக்குப் புதிதில்லை. ஆனால் கட்டில் கொடுத்து, பட்டினி போட்டு, இவன் எப்போது தடுமாறுவான் என்று நாலு பேர் காத்திருப்பது புதிது!

திங்கள் இரவு 8 மணிக்கு மூன்று இட்லி சாப்பிட்டேன். செவ்வாய் முழுக்கத் தாக்குப்பிடித்தேன். புதன் விடியற்காலை 3 மணிக்கு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை, மச்சான் சொல்லித்தான் தெரியும். அதற்குச் சற்று முன்புதான் சிஸ்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். பேர் கேட்டார், ஊர் கேட்டார், எல்லாம் சரியாகச் சொன்னேனாம். மச்சானும் நிம்மதியாகக் கண்ணயர்ந்துவிட்டார்.

வார்டு துடைக்க வந்த அக்காதான் நின்று பார்த்திருக்கிறார். ராத்திரி வேலைக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "இன்னா நைனா, நாலாவது வாட்டி லுங்கியை அவுத்து அவுத்துக் கட்டிக்கினு கீற?" என்றாராம். இருபது வருடமாக லுங்கி விற்கிறவன், இடுப்பில் ஒரு முடிச்சு நிற்காமல் தவித்துக்கொண்டிருக்கிறேன். அதை விடுங்கள், பதிலுக்கு நான் சொன்னதைத்தான் எழுதக் கூசுகிறது. வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்றதோடு நிற்காமல், கெட்ட வார்த்தையும் சொல்லியிருக்கிறேன். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிவந்தார். டாக்டரும் வந்தார். 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாராம். 93, 86 வரை சொல்லிவிட்டு, அப்புறம் நான் மொத்த வியாபார விலை சொல்ல ஆரம்பித்துவிட்டேனாம். உடனே சர்க்கரை கொடுத்துவிட மாட்டார்கள், முதலில் ரத்தம் எடுக்க வேண்டும். அதில் 41 இருந்தது. அப்புறம் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி போட்டு, பத்து, இருபது, முப்பதாவது நிமிடங்களில் திரும்ப ரத்தம் எடுத்துவிட்டுத்தான் சாப்பாடு. தடுமாற்றம், அந்த நேரத்தில் குறைந்த சர்க்கரை அளவு, சர்க்கரை ஏறியதும் தெளிவு, மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் சர்க்கரைக் குறைவால் வந்த தடுமாற்றம் என்று கணக்காம். 1930களிலேயே விப்பிள் என்ற டாக்டர் சொல்லி வைத்தது என்று விளக்கினார்கள். சர்க்கரை அவ்வளவு இறங்கிய பிறகும் என் உடம்பு, சர்க்கரையை இறக்கும் இன்சுலினைச் சுரப்பதை நிறுத்தவே இல்லை என்பது ரத்தத்தில் தெரிந்துவிட்டது. அதைச் சுரப்பது கணையத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டி. இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் புற்று இல்லை என்றார்கள். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது.

மறுநாள் இரவு அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீயா பேசுன? உன் சக்கரை பேசுச்சு. எங்க வூட்டுக்காரரும் இன்சுலின் போட்டுக்கினு துன்னாம படுத்துட்டா இப்டித்தான் கத்துவாரு" என்றார்.

இரண்டு வருடமாக விடியற்காலையில் என் வாயில் திட்டு வாங்கியவர்களை நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடைப் பையன்கள் இருவர். பால்காரர். எல்லோருக்கும் முன்னால் என் வீட்டுக்காரி. ராத்திரி குடித்துவிட்டு வந்தாரா என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துபோனவள். அது நான் பேசியதில்லை என்று முழுதாகத் தப்பித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து பேசுகிறேன்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நரம்பு கிடைக்காதபோதும் முகம் சுளிக்காத சிஸ்டர்கள், கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கிடந்த மச்சான், எனக்கு வாசனை வரக் கூடாது என்று படிக்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்ட பக்கத்துக் கட்டில் வங்காளத்துப் பையன், வாடகையில் ஒரு நாளைக் கழித்துக்கொண்ட லாட்ஜ்காரர், டெஸ்ட் முடிந்த அன்றே ஆற்காட்டு மக்கன் பேடாவோடு வந்து நின்ற மாமா. எல்லோருக்கும் கும்பிடு.

அக்கா கையில் பணம் வைக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. லுங்கிக் கடை என்றதும்தான் கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்காரர் உயரமாம், கடையில் வாங்குவது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறதாம். பச்சைக் கட்டம்தான் பிடிக்குமாம்.

அகலம் கூடினதாகப் பார்த்து இரண்டு எடுத்து வைத்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் போகும்போது பையில் அதுதான் முதலில்.