வள்ளலாரைப் பாதியாக வெட்டாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தைப்பூசச் சிறப்புப் பகுதியில் வந்த வள்ளலார் கட்டுரையைப் படித்தேன். வடலூரில் அவர் அமைத்த வழிபாட்டு இடமான சத்திய ஞானசபையின் ஏழு திரைகளைப் பற்றியும் ஜோதி தரிசனத்தைப் பற்றியும் கட்டுரையாளர் மனம் தோய்ந்து எழுதியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வள்ளலார் நாடியது ஆன்ம விடுதலையை மட்டும்தான், சாதி மறுப்பு, சமத்துவம் எல்லாம் பிற்காலத்தார் அவர்மேல் ஏற்றிய அரசியல் என்று கட்டுரையை முடித்திருக்கிறாரே, அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

தாங்கள் அறியாததல்ல. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் அவர் முதலில் தொடங்கியது தருமசாலை. ஞானசபை பிறகுதான் வந்தது. பசித்தவர் யார், எந்தச் சாதி என்று கேளாமல் சோறு போட மூட்டிய அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. உயிர்களிடம் காட்டும் இரக்கமாகிய ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று சொன்னவர் அவர். சாதியும் சமயமும் பொய் என்பதை அருட்பெருஞ்ஜோதி அகவலிலேயே பாடி வைத்திருக்கிறார். அன்பர்கள் அன்றாடம் ஓதும் வழிபாட்டுப் பாடல் அது. அதற்குள்ளேயே இருப்பதை வேறு யார் வந்து ஏற்ற வேண்டும்?

என் அப்பா கூலி வேலை செய்தவர். எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குப் பந்தலுக்கு வெளியே, வெறும் மணலில் இலை போடுவார்கள். கரண்டி இலையில் பட்டுவிடாதபடி உயரத்திலிருந்து சாம்பாரை ஊற்றுவார்கள். அது தெறித்து அப்பாவின் வேட்டியில் விழும். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அதே அப்பாவோடு சிறுமியாக நான் வடலூர் தருமசாலைப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். பரிமாறிய பெரியவர் குனிந்து, மடங்கியிருந்த இலை நுனியைத் தம் கையால் நீவிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா, ஐயா?" என்று கேட்டார். ஊரில் பொடிப்பையன்கள்கூட "டேய்" என்று கூப்பிட்ட மனிதர் என் அப்பா. அன்று அவர் பதில் சொல்லாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரில் எது ஆன்மிகம், எது சமூக நீதி என்று கட்டுரையாளர் பிரித்துக் காட்டட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

தென்கோடியில் அய்யா வைகுண்டர் செய்ததும் இதைத்தான். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு தம் வழிபாட்டு இடமான பதிக்குள் வரச் சொன்னார். சிலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியை வைத்தார். வெறும் தியானம்தான் என்றால் திருவிதாங்கூர் மன்னர் அவரைச் சிறையில் அடைத்திருப்பாரா? 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்கள், அதுவரை சாதியின் பெயரால் உள்ளே விடப்படாதவர்கள், சாமி கும்பிடத்தான் போனார்கள். அதைப் பக்தி என்பதா, அரசியல் என்பதா?

மனத்தில் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. இது இன்று நேற்று வந்த வருத்தம் அல்ல. எங்கள் தெருவுக்குச் சாமி ஊர்வலம் வராததைப் பற்றி முன்பு ஒரு கடிதம் எழுதினேன். அம்மனின் அலங்காரத்தை வியந்து நான் எழுதியிருந்த முதல் இரண்டு வரிகள் மட்டும் தங்கள் இதழில் வெளியாயின. அதேபோல, பழமை என்றாலே அடிமைத்தனம்தான், மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டும் என்று ஒருவர் சொன்ன பேட்டியைப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். அதுவும் எனக்கு வலித்தது. எழுத்தறியாத என் அப்பாவுக்கு முதுகை நிமிர்த்தும் துணிவு அந்தப் பழமையில் ஒரு பங்கிலிருந்துதான் வந்தது. ஒரு தரப்பு விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பந்தியை விட்டுவிடுகிறது. இன்னொரு தரப்புக்கு விளக்கு வேண்டாமாம். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

பழமையை எப்படிப் பார்ப்பது என்பதை வள்ளலாரே காட்டியிருக்கிறார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டுப் பேசியபோது, தமக்கு முன்பு சைவத்தின்மேல் இருந்த பற்று அளவிட முடியாதது, அதையும் இப்போது விட்டுவிட்டேன் என்றார். உயிருக்குயிராக நேசித்ததையே உரசிப் பார்த்து, தகாததை விட்டவர். அப்படிப்பட்டவரை நாம் படத்துக்கு மாலை போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? பேருபதேசம் என்று சொல்லப்படும் இந்தப் பேச்சு கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விட்டுவிட்டார் என்பதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. தருமசாலை தொடங்கிய ஆண்டு 1872 என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. அது 1867, மே 23. 1872 ஞானசபைக்கு உரிய ஆண்டு. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அதனருகில் இந்தக் கடிதத்துக்கும் இடம் கிடைத்தால் மகிழ்வேன். இடம் போதாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள், என் அப்பாவைப் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கடலூர் மாவட்டம்