குட்டி ஃபிரிட்ஜில் 18 டிகிரி

டர்பன்,
ஜனவரி.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம். குன்னூர்க் குளிரில் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று அம்மா வருத்தப்பட்டார்கள். இங்கே நேர்மாறு. ஜனவரியில் பகலில் 28 டிகிரி, ராத்திரியிலும் 21 போல நிற்கும். கடல்காற்றில் துவைத்த துணி காயாது. காலையில் அரைத்த மாவு சாயங்காலத்துக்குள் வழிந்துவிடும். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கும் இந்தச் சூடுதான் எதிரி. இங்கே தென்னாப்பிரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. அதற்காக ஃபிரிட்ஜை மாற்றும் முறையை நீ கேட்டாய். உன் வேலைக்கும் ஆகும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது அதுவே சூடு விடும். அறை 26 டிகிரி என்றால் பியர் ஊறும் பக்கெட்டுக்குள் 30-ஐத் தொட்டுவிடும். ஏல் என்ற வகைப் பியருக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு வேண்டியது 18 முதல் 20. அதைத் தாண்டினால் வாழைப்பழ வாடையும் தின்னர் மாதிரி ஒரு காரமும் ஏறும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் போகாது. முதல் மூன்று நாள்தான் உயிர். அப்போது சூட்டைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜூலு மக்கள் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் காய்ச்சும் உம்கொம்போதி என்ற நாட்டுப் பியருக்கு இந்தக் கவலை இல்லை. அது புளிப்பாக, நுரைத்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பது. ஜார்ஜ் என்ற ஊர்ப் பக்கம் விளையும் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட பியருக்கு ஃபிரிட்ஜ் இல்லாமல் முடியாது.

கம்ப்ரசர் உள்ள பழைய மினி ஃபிரிட்ஜாகப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் இல்லாமல் பெல்டியர் தகட்டில் ஓடுபவை வேண்டாம், ஒரு பக்கெட் பியர், அதாவது 23 லிட்டரைக் குளிர்விக்க அவற்றுக்குத் தெம்பு கிடையாது. வாங்கும் முன் பின்பக்கக் கம்ப்ரசர் மேட்டைத் தள்ளி மிச்சத் தரையை அளக்க வேண்டும். உயரத்தில் ஏர்லாக்குக்கு (மூடியில் செருகும், வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) 10 செ.மீ. கூடுதலாக விடணும். கதவின் உள்தட்டுகள் இடிக்கும். அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் பல மாடல்களில் ரப்பர் கேஸ்கட்டும் கையோடு வந்துவிடும், ஆகவே அதே திருகுகளில் ஒரு தட்டைப் பலகையை மாட்டி ரப்பரை இறுக்கிவிட வேண்டும்.

மேலே உள்ள ஐஸ் தட்டை வளைக்கிறவர்கள் உண்டு. குழாய் மடங்கினால் கேஸ் போய்விடும், ஃபிரிட்ஜும் போச்சு. புது மாடல்களில் இருப்பது ஆர்600ஏ, தீப்பிடிக்கும் வாயு. முடிந்தவரை தட்டைத் தொடாமல் குட்டையான பக்கெட் வாங்குவதே நல்லது. பக்கச் சுவரில் துளை போடவே கூடாது, சூட்டுக் குழாய் உள்ளே மறைந்து ஓடும். சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயர் மெல்லியது, கதவு ரப்பருக்கு இடையிலேயே அடங்கும்.

சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்து ஃபிரிட்ஜை ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலர் எஸ்டிசி-1000, 220 வோல்ட் மாடல். அதன் பின்னால் ஒயர் மாட்டும் முனைகளுக்கு எண் இருக்கும். 1, 2 மின்சாரம். 3, 4 சென்சார். 5, 6 சூடு. 7, 8 குளிர். பலர் இடறுவது இங்கேதான்: உள்ளே இருப்பது வெறும் ரிலே, ஒரு சுவிட்ச் மாதிரி, தானாகக் கரண்ட் தராது. 1-இல் வரும் லைவிலிருந்து 5-க்கும் 7-க்கும் ஜம்பர், அதாவது சின்ன இணைப்பு ஒயர், போட வேண்டும். 6 சூட்டு சாக்கெட்டின் லைவுக்கு, 8 ஃபிரிட்ஜ் சாக்கெட்டின் லைவுக்கு. நியூட்ரலும் எர்த்தும் இரண்டு சாக்கெட்டுக்கும் நேராகப் போகட்டும். எண் தெரிகிறது, ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்றால் முதலில் ஜம்பரைப் பார். இங்கே பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். நம் வீட்டுப் பழைய ஒயரிங்கில் சிவப்பும் கறுப்பும், மறந்துவிடாதே. ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம், அதிகக் குளிருக்குத் திருப்பி விட்டால் போதும்.

கன்ட்ரோலரில் வைக்க வேண்டிய அளவுகள்: எஃப்1 (வேண்டிய டிகிரி) 18, எஃப்2 (எத்தனை டிகிரி விலகினால் கிளம்ப வேண்டும்) 1, எஃப்3 (கம்ப்ரசர் மறுபடி ஓடும் முன் இடைவெளி) 10 நிமிடம். இந்த எஃப்3-தான் கம்ப்ரசரைக் காப்பாற்றும். நின்றவுடன் மறுபடி ஓட்டினால் அழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போதும் அந்த இடைவெளி விட்டுத்தான் கிளப்பும். வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காதே, 23 லிட்டர் சீக்கிரம் சூடாகாது.

சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் எல்லாம் வீண். காற்று உடனே குளிரும், திரவம் குளிராது. கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்கும், பியர் உள்ளே 22-இல் இருக்கும். பக்கெட்டின் நடுவயிற்றில் ஒட்டி, மேலே தடித்த ஃபோம் துண்டு வைத்து டேப்பால் இறுக்க வேண்டும். கோடையில் சூட்டு சாக்கெட்டில் எதையும் மாட்டாமல் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் சூடும் குளிரும் மாறி மாறிச் சண்டை போடும். டர்பன் ஈரத்துக்கு உள்சுவரில் பூசணம் வரும். ஈரத்தை உறிஞ்சக் கால்சியம் குளோரைடு டப்பா ஒன்று, வாரம் ஒருமுறை வினிகர் துடைப்பு.

அங்கே பியர் காய்ச்சச் சட்டம் இடம் தராது, உனக்கு மாவுதான். அதற்குக் கெட்டுப்போன ஃபிரிட்ஜே போதும், வெப்பம் காக்கும் பெட்டி அவ்வளவுதானே. 7, 8-ஐ விட்டுவிடு. 5-க்கு அதே ஜம்பர் போட்டு, 6-இலிருந்து போகும் சூட்டு சாக்கெட்டில் 40 வாட் குண்டு பல்பு, மேலே தகர டப்பா. பிளாஸ்டிக்கில் படாமல் இருக்கட்டும். எஃப்1 30, எஃப்2 1. சென்சார் பாத்திரத்தின் வெளிப்பக்கம், ஃபோமுக்கு அடியில். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. உலோக உடம்புக்கு எர்த் கட்டாயம். முதல் ராத்திரி வெறும் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார், பிறகு அம்மாவிடம் கொடு. பாத்திரத்தின் அகலத்தை அளந்து எழுது, எந்த அளவு ஃபிரிட்ஜ் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா