‘குதிரை’ நாட்டுப்புறப் பாட்டு இல்லை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடங்குளத்தில் வேலைபார்க்கும் ரஷ்யர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் குடியிருக்கும் அந்தக் குடும்பங்களின் இசையை நெல்லைப் பதிப்பில் எழுத ஒருவர் முன்வந்தது நல்ல காரியம். ஆனால் கட்டுரையில் பிழைகள் பல. மேடையில் இந்தப் பாட்டுகளைப் பாட நினைக்கும் நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதை நம்பிப் பாடினால் பாட்டு கெட்டுப்போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரை பேசும் ரஷ்ய இசைக்குழுவின் பெயர் ‘லூப்’ இல்லை, ‘ல்யூபே’. அழுத்தம் கடைசி அசையில் விழும். மாஸ்கோவை ஒட்டிய ல்யூபெர்த்ஸி என்ற புறநகரின் பெயரிலிருந்து வந்தது. ‘எதுவானாலும்’ என்று பொருள்படும் உக்ரைனியச் சொல்லும் அதற்குள் இருப்பதாகப் பாடகர் நிகலாய் ரஸ்தர்கூயெவ் சொல்லியிருக்கிறார்.

‘கம்பாத்’ என்ற பாட்டின் தலைப்பைக் கட்டுரையாளர் ‘போர்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். ஆங்கிலச் சொல்லின் சாயல் அவரை ஏமாற்றிவிட்டது. பட்டாலியன் தளபதி என்பதற்கான ரஷ்யச் சொற்களின் சுருக்கம்தான் கம்பாத். அந்தப் பாட்டு ஒரு மனிதரை விளித்துப் பாடுவது. இது தெரியாவிட்டால் பாட்டின் ஒரு வரியும் பிடிபடாது.

அடுத்தது அலாஸ்கா. பேரரசி கேத்தரின் அதை அமெரிக்காவுக்கு விற்றதாகக் கட்டுரை சொல்கிறது. 1990-களின் தொடக்கத்தில் வந்த இக்குழுவின் பாட்டு ஒன்று கேத்தரின் தலையில்தான் பழியைப் போடுகிறது. பாட்டில் போடலாம், செய்தித்தாளில் போடக் கூடாது. கேத்தரின் இறந்தது 1796-இல். அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு விற்றவர் இரண்டாம் அலெக்சாந்தர், ஆண்டு 1867.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, இக்குழுவின் பாட்டுகளை ‘நூற்றாண்டுகளாக வயல்வெளிகளில் பாடப்பட்ட நாட்டுப்புற இசை’ என்று சொன்னது. ல்யூபே ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறந்த குழு. இசையமைப்பாளர் ஈகர் மத்வியென்கோ, பாடலாசிரியர் அலெக்சாந்தர் ஷகானவ், பாடகர் ரஸ்தர்கூயெவ் ஆகிய மூவர்தான் அதன் அஸ்திவாரம். 1989 ஜனவரி 14 அன்று ‘ல்யூபெர்த்ஸி’, ‘பாட்கா மஃனோ’ பாட்டுகளைப் பதிவுசெய்த நாளையே குழுவின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். அந்த நாளில் அவர்களிடம் மண்வாசனை ஏதும் கிடையாது. உடற்பயிற்சிக்கூடமே கதியென்று கிடந்து, கட்டம்போட்ட கால்சட்டையோடு தெருவில் திரிந்த ல்யூபெர்த்ஸி இளைஞர் கும்பல்கள் அன்றைக்குச் செய்தியில் அடிபட்டன. அந்த முரட்டுத் தோற்றத்தைத்தான் முதலில் குழு எடுத்துக்கொண்டது. பழைய இராணுவச் சட்டை வந்தது 1989 கடைசியில், பாடகி ஆல்லா புகச்சோவாவின் யோசனைப்படி. அது பாடகரோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் அவரை முன்னாள் படைவீரர் என்று பலர் நம்புகிறார்கள். தங்கள் கட்டுரையும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவர் படையில் பணிபுரிந்தவர் இல்லை. பீட்டில்ஸ் பாட்டுகளில் ஊறிய மனிதர். 1996-இல் அவர்களுடைய பாட்டுகளை மட்டும் பாடி ஒரு தொகுப்பே வெளியிட்டார்.

நாட்டுப்புறச் சாயல் முழுதாக வந்து உட்கார்ந்தது 1994-இன் ‘ஸோனா ல்யூபே’ தொகுப்பில். அதில்தான் ‘கோஞ்’, அதாவது ‘குதிரை’ இருக்கிறது. இரவில் குதிரையோடு வயலுக்கு நடக்கும் ஒருவனின் பாட்டு. ரஷ்யாவிலேயே பலர் இதை யார் எழுதியது என்று தெரியாத பழம்பாட்டு என நினைத்துப் பாடுகிறார்கள். மத்வியென்கோவும் ஷகானவும் எழுதியதுதான் இது. அப்படி ஏமாற வைப்பது பாட்டின் கட்டுமானம், அதைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

ரஷ்யக் கிராமப் பாட்டில் ஒருவர் தனியே தொடங்குவார், அவர் பெயர் ‘ஸப்பெவாலா’. பிறகு கூட்டம் சேரும். நம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் புலவர் அடியெடுக்கப் பின்பாட்டுக்காரர்கள் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். நம் பின்பாட்டு அதே மெட்டைத் திருப்பிச் சொல்லும். அவர்களுடையது தாய்மெட்டிலிருந்து கிளைபிரிந்து, மேலும் கீழும் வேறு சுரங்களில் ஓடி, அடியின் முடிவில் மறுபடி ஒன்றுசேரும். ‘கோஞ்’ பாட்டில் வாத்தியமே இல்லை, ஆண்குரல்கள் மட்டும்தான். பாளையங்கோட்டைத் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு நான்கு குரல் பழக்கம் உண்டு என்பதால், இதற்கு அவர்களே பொருத்தமானவர்கள்.

பன்னிரண்டு பேர் போதும். தொடங்குபவர் ஒருவர், முதல் டெனர் (மேல் ஆண்குரல்) மூவர், இரண்டாம் டெனர் மூவர், பாரிடோன் (நடுக்குரல்) இருவர், பாஸ் (அடிக்குரல்) மூவர். தொடங்குபவருக்கு நடுக்குரல் வேண்டும், ரஸ்தர்கூயெவின் குரல் பாரிடோன்தான். உச்சத்தில் பாடும் டெனரை அந்த இடத்தில் நிறுத்தினால் சினிமாப் பாட்டாகிவிடும். சுருதியைத் தொடங்குபவருக்கு ஏற்றபடி வைப்பதுதான் நம் வழக்கம். இந்தப் பாட்டுக்கு பாஸ்காரர்களைக் கொண்டே வைக்க வேண்டும். மூவரும் ‘ஆ’ என்று நான்கு விநாடி நடுங்காமல் பிடிக்கக்கூடிய மிகத் தாழ்ந்த சுரத்தை மாலையில் சோதியுங்கள். காலையில் எழுந்ததும் எல்லார் குரலும் இறங்கித்தான் இருக்கும். அதை நம்பிச் சுருதி வைத்தால் மாலை மேடையில் அடிக்குரல் காணாமல்போகும். அந்தச் சுரத்துக்கு ஒரு முழுச் சுரம் மேலே பாஸின் கடைசி எல்லை இருக்கட்டும்.

கருவி இல்லாமல் பாடும்போது சுருதி இறங்குவதுதான் எல்லாக் குழுவுக்கும் வரும் நோய். மூன்றாவது அடி முடிவதற்குள் அரைச்சுரம் விழுந்துவிடும். இறங்குவரிசையில் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிடுவது ஒரு காரணம். அடியின் முடிவில் மூச்சு தீர்ந்து நெடிலைத் தொய்யவிடுவது இன்னொன்று. நமக்கே உரிய காரணமும் உண்டு: தம்பூராவையோ சுருதிப்பெட்டியையோ எப்போதும் காதில் வைத்துப் பாடிப் பழகியவர்கள், அது நின்றதும் தடுமாறுவார்கள். முதல் அடியைச் சுருதிப்பெட்டியோடு பாடுங்கள். இரண்டாவது அடிக்கு அதை நிறுத்திவிட்டு, முடிந்ததும் மறுபடி போட்டு ஒத்துப்பாருங்கள். ஒரு வாரத்தில் பிடிபடும். மூச்சை எல்லாரும் ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் எடுத்து முடித்தபின் எடுக்க வேண்டும், அதுவும் நெடிலின் நடுவில். சொல் முடியும் இடத்தில் எடுத்தால் துண்டு துண்டாகக் கேட்கும்.

உச்சரிப்பு பயப்படும் அளவுக்குக் கடினமில்லை, தமிழிலேயே பாதி இருக்கிறது. தலைப்பின் கடைசி எழுத்து மெலிந்த ‘ன்’. அதைக் ‘கோன்’ என்றால் தவறு, ‘கோஞ்’ என்று நம் ஞகரத்தில் முடித்தால் ரஷ்யர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அழுத்தம் விழாத ‘ஒ’ அகரமாகும். வாய் குவியாமல் நடுவில் ஒலிக்கும் ஓர் உயிர் அவர்களுக்கு உண்டு. ‘வந்து’, ‘அது’ என்பவற்றின் கடைசிக் குற்றியலுகரத்தை நீட்டினால் கிட்டத்தட்ட அங்கே போய்ச்சேரலாம். மஃனோவின் நடு ஒலிக்கு ஆய்தம் கைகொடுக்கும்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: எக்கோ வேண்டாம். ஆளுக்கொரு மைக்கும் வேண்டாம். குழு இரண்டு வரிசையாகப் பிறைவடிவில் நிற்க, நான்கடி தள்ளி இரண்டு மைக், ஓரடி முன்னால் நிற்கும் தொடங்குபவருக்கு ஒன்று. ஆளுக்கொரு மைக் வைத்தால் குரல்களைக் கலப்பது மிக்ஸர்காரரின் விரலாகிவிடும், பாடுபவர்கள் ஒருவரையொருவர் கேட்பதை விட்டுவிடுவார்கள். ரிதம் பேடை மேடையிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. இருந்தால் யாராவது தட்டிவிடுவார்கள்.

குழுவின் மற்றப் பாட்டுகளில் வரும் ‘பயான்’ என்ற பொத்தான் அக்கார்டியனைப் பற்றி ஒரு வார்த்தை. கீபோர்டில் உள்ள அக்கார்டியன் ஒலிகளில் பல பிரெஞ்சு வகை. ஒலியெழுப்பும் உலோகத் தகடுகளான நாக்குகளில் இரண்டைச் சற்றே விலக்கிச் சுருதி வைத்திருப்பதால் அலையடிக்கும். பயானின் ஒலி நேராக நிற்கும். ஒற்றை வரிசை நாக்கில் வாசிக்கும் ஆர்மோனியமே அதற்கு நெருக்கம்.

கட்டுரை ‘வீரம்’ என்ற ஒரே சொல்லில் தாண்டிப்போன விஷயமும் இருக்கிறது. ‘கம்பாத்’ 1995-இல், இரண்டாம் உலகப்போர் வெற்றியின் 50-ஆம் ஆண்டில், முதல் செச்சென் போர் நடந்துகொண்டிருக்கும்போது வந்தது. 2002-இல் ரஸ்தர்கூயெவ் மக்கள் கலைஞர் பட்டம் பெற்றார். 2010-இல் ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனார். புதினுக்குப் பிடித்த குழு என்பது ஊரறிந்த செய்தி. உக்ரைன் போர் தொடங்கியபின் குழு அரசின் பக்கமே நிற்கிறது. முதல் நாளில் பதிவுசெய்த பாட்டுகளில் ஒன்று உக்ரைன் மண்ணின் கலகக்காரர் மஃனோவைப் பற்றியது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆகவே பொதுமேடையில் ‘கோஞ்’ பாடுங்கள், ‘கம்பாத்’ வேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. உக்ரைன் போரில் சொந்தத்தைப் பறிகொடுத்தவர் கேட்பவர்களில் ஒருவராவது இருக்கலாம்.

ல்யூபேயின் குரல்குழுவை வழிநடத்திய அனதோலி குலெஷோவ் 2009 ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்துவிட்டார். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. குழுவின் பெயர், கம்பாத்தின் பொருள், அலாஸ்காவை விற்றவர், ‘கோஞ்’ எழுதியவர்கள் ஆகிய நான்கையும் திருத்தி வெளியிடும்போது, அவர் பெயரையும் ஒரு வரி சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேர்ந்திசைப் பயிற்றுநர்கள் இருவர்,
பாளையங்கோட்டை.