புத்தகம் வீட்டுக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். சீர்காழி பக்கத்தில் எங்கள் ஊர். இங்குள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு மாதம் ஒரு மதியம் போய், பிள்ளைகளோடு சேர்ந்து நூலக வேலைகளைப் பார்த்துவிட்டு வருவேன். அந்த அனுபவத்தில் கல்வித் துறைக்கு ஒரு கோரிக்கை. பள்ளி நூலகப் புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ தலைமையாசிரியர் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் ஓர் ஆணை தாருங்கள்.

பள்ளிகளில் படிக்க ஒன்றுமில்லை என்று இன்று சொல்ல முடியாது. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, அதற்கு மேல் ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் வருகின்றன. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் மெல்லிய கதைப் புத்தகங்களைக் கொடுத்தது. இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம் எல்லாம் நடக்கின்றன. ஆனால் நான் பார்த்த பல பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள்தான் இருக்கின்றன. யாராவது பார்வையிட வந்தால் வெளியே எடுப்பார்கள், அப்புறம் பூட்டிவிடுவார்கள். தலைமையாசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரு புத்தகம் குறைந்தாலும் தணிக்கையில் அவரைத்தான் கேட்பார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் துணிந்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். யார் எதை எடுத்தார்கள் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நான் போகும் மதியத்தில் அவர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை வாசிப்பார்கள். கரடி வந்தால் கரடியாகவே ஆகிவிடுவார்கள். பிறகு கிழிந்த புத்தகங்களை ஒட்டும் வேலை. மைதா பசையைப் பிள்ளைகள் கிண்டுவார்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் போடும் மயில்துத்தம் விஷம் என்பதால் அதை மட்டும் நானே கலப்பேன்.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொண்டுவந்த புத்தகத்தில் கம்பிப் பின் கழன்று நடுப்பக்கங்கள் பிரிந்திருந்தன. அவள் அம்மா தையல் வேலை செய்பவர். ரவிக்கை தைக்கும் பச்சை நூலால் அதை மூட்டியிருந்தார், மூன்று துளை போட்டு, முடிச்சை உள்பக்கம் வைத்து. பைண்டர் செய்வதும் அதேதான். பாட்டிக்கு அந்தக் கதையை இரண்டு தடவை வாசித்துக் காட்டியதாக அந்தப் பெண் சொன்னாள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு நூலகப் பாடவேளை எப்படிப் போதும்? புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்குவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. அதுவும் கணக்குப் பாடம் அந்த நேரத்தைக் கேட்காமல் இருந்தால்!

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி என்ன சொல்கிறது? ஓராண்டில் வாசிப்புக்குக் கொடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால், நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணம் இல்லையென்றால், அது இயல்பான இழப்பு. பெரியவர்கள் படிக்கும் நூலகங்களுக்கே இந்த இடம் உண்டு. பத்து வயதுப் பிள்ளைகள் கையில், மாட்டுக்கொட்டகையும் ஒழுகும் கூரையும் உள்ள வீடுகளில், இதைவிடத் தாராளமாகத்தான் இருக்க வேண்டும். 1892-இல் இதே சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. புத்தகங்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த பழைய நூலகங்களைச் சுட்டித்தான் அவர் அதை விளக்கினார்.

எத்தனை சதவீத இழப்பைக் கணக்கிலிருந்து கழிக்கலாம், யார் ஒப்புதல் தருவது என்பதை அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் கையெழுத்தே போதும் என்று வைத்தால் வேலை சுலபமாகும். ஒட்டவும் தைக்கவும் கற்றுக்கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்ற நூலகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை நூலகர்,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.