குற்றம் முடிவில் இல்லை, உபதலைப்பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஹங்கேரியக் காதல் நகைச்சுவைப் படங்களின் முடிவு சப்பென்று இருப்பதாகத் திருகோணமலையில் படம் பார்க்கக் கூடுகிறவர்கள் சிலர் குறைப்படுகிறார்கள். 1931இல் இஷ்த்வான் சேக்கெய் இயக்கிய 'பட்லர் ஹிப்போலித்' படத்துக்கு இந்தப் பழி பொருந்தவே பொருந்தாது. மகள் தெர்காவின் கல்யாணம் இழுபடுவதற்குக் காரணம், புதுப் பணம் கண்ட தாய் பெரிய இடத்து மாப்பிள்ளைக்கு ஆசைப்படுவது. தகப்பன் ஷ்னைடரோ சொந்த வீட்டிலேயே தலைமை வேலையாளான பட்லர் ஹிப்போலித்துக்குப் பயந்து, கோட்டு மாட்டிக்கொண்டு சாப்பிட உட்காருகிற மனிதர். அவர் வாய் திறந்து ஹிப்போலித்தை வேலையை விட்டு அனுப்பும்போதுதான் வீடு திரும்பவும் அவருடையதாகிறது. ஷ்னைடர் வேடத்தில் வரும் நடிகர் ஜுலா கபோஷ் திக்கித் திணறி, சொல்லை விழுங்கி, திடீரென்று வெடிப்பவர். திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு எழுத்து, அதாவது உபதலைப்பு, ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு வராது.

படச்சுருள் செக்கனுக்கு 24 சட்டகம், அதாவது 24 தனிப்படம், ஓடும். ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பிரதியில் 25 ஓடும். சுருளில் 75 நிமிடம் ஓடும் படம் அதில் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். 25க்குச் செய்த உபதலைப்பை 24 பிரதியில் போட்டால் தொடக்கத்தில் பிசகு தெரியாது, கடைசி வசனமோ 3 நிமிடம் முந்திக்கொள்ளும். மாறிப் போட்டால் படம் நின்ற பிறகும் வசனம் மிச்சமிருக்கும். முடிவு விளங்காமல் சப்பென்று படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே காட்சிக்கு முன் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு விலகினால் பிளேயரிலேயே நேரத்தைத் தள்ளலாம். முதலாவது பொருந்திக் கடைசி முந்தினால் தள்ளிப் பயனில்லை. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் சட்டக வேகத்தை 25இலிருந்து 24க்கு மாற்றுங்கள். நேரங்கள் எல்லாம் 1.0417 மடங்காகும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியாவிட்டால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரக்கூடும்.

உபதலைப்பு எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேள்வியையும் பதிலையும் சேர்த்துப் போடாதீர்கள். கபோஷ் வாய் திறக்குமுன் சபை படித்துச் சிரித்துவிடும். அவர் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். வசனத்தைச் சுருக்கினாலும் பரவாயில்லை, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

அகலத்திரையை நிரப்பவென்று, அகலம் குறைந்த இந்தப் பழைய படத்தைப் பெருப்பிக்கவும் வேண்டாம். உயரத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி வெட்டுப்பட்டு, நிற்பவர்களின் தலை போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

திரைப்பட ரசிகர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.