உடற்பயிற்சிக் கூடம்: தனியாக ரிவர்ஸ் கிரிப் பெஞ்ச் பிரஸ் செய்பவர்கள் கவனத்திற்கு

குடியிருப்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அதிகாலையில் ஆளில்லாத நேரத்தில் சிலர் உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி ராடைத் திருப்பிப் பிடித்து (ரிவர்ஸ் கிரிப்) பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளும் பயிற்சி, செய்கிறார்கள். மேல் மார்புக்கும் கைகளின் பின்புறத் தசைக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் இந்தப் பிடியில் ராடு நழுவினால் முகத்திலோ கழுத்திலோ விழும். தூக்கிவிடப் பக்கத்தில் ஆள் இருக்காது.

1. கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்க வேண்டும். இதில் சலுகை இல்லை.
2. ராடு விழுந்தால் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ஸ்டாண்டில் மட்டும் செய்யுங்கள். கம்பி, நெஞ்சை நிமிர்த்திய நிலையில் மார்புக்குச் சற்றுக் கீழேயும் கழுத்துக்கு மேலேயும் இருக்கட்டும். வெறும் ராடை இறக்கிப் பார்த்து உயரத்தைச் சரிபாருங்கள்.
3. புதியவர்கள் வெறும் ராடில் (20 கிலோ) தொடங்குங்கள். வழக்கமான பிடியில் தூக்கும் எடையை இதில் எதிர்பார்க்காதீர்கள்.
4. ஸ்டாண்டிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும்தான் சிக்கலான கட்டம். ராடைத் தாங்கும் கொக்கியைத் தாழ்த்தி வையுங்கள்.
5. ராடை மார்பின் கீழ்ப்பகுதிக்கு இறக்குங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.
6. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்னும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

கம்பி இல்லாத பெஞ்சில் தனியாக இதைச் செய்யவே வேண்டாம். டம்பெல் போதும், அதைப் பக்கவாட்டில் இறக்கிவிடலாம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் கூடத்தில் கம்பிகளைப் பொருத்திக் காட்டுகிறேன். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் வீட்டு எண்ணையும் இங்கே பதிவிடுங்கள். காலை 5 மணிக்கு வருபவர்கள் துணைக்கு ஆள் தேவையா என்றும் எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன்.